0.9 கிலோமீட்டர்

"அந்த ரோட்டை இதுல எங்க சார் எழுதுவீங்க?"

அந்த அக்கா கேட்டது இவ்வளவுதான். சத்துணவுச் சமையலர். அரிசி களைந்த ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டார். அதற்குள் நான் படிவத்தில் 0.9 என்று எழுதி முடித்திருந்தேன். "அதுக்கு இதுல இடம் இல்லக்கா" என்றேன். அது பொய்யில்லை, படிவத்தில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. ஆனாலும் அந்தப் பதிலை இத்தனை வருஷமாக மனசுக்குள் திருத்திக்கொண்டே இருக்கிறேன்.

அது 2019. பிள்ளைகளே இல்லாத பள்ளிகளை நூலகமாக மாற்றும் பேச்சு ஓடிய ஆண்டு. பத்துப் பேருக்குக் கீழே உள்ள பள்ளிகள் எவை, பக்கத்துத் தொடக்கப் பள்ளி எவ்வளவு தூரம் என்று எங்களிடமும் பட்டியல் கேட்டார்கள். ஆசிரியப் பயிற்றுநர்கள் ஆளுக்கு ஐந்தாறு பள்ளிகளைப் பிரித்துக்கொண்டோம். அந்த அக்கா சமைத்த பள்ளியில் ஒன்பது பேர். மூன்றாம் வகுப்பில் யாருமே இல்லை, ஐந்தாம் வகுப்பில் ஒரே ஒரு பையன்.

தூரத்தை நான் ஏனோதானோ என்று எழுதவில்லை. வண்டியைப் பள்ளி வாசலிலேயே விட்டுவிட்டு, போனில் தூரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். ஊர்க்காரர்கள் எல்லோரும் போகிற வழிதான். கருவேல மரங்களைத் தாண்டினால் நான்குவழிச் சாலை, நடுத்தடுப்பில் ஓர் இடைவெளி, அந்தப் பக்கம் இறங்கினால் பக்கத்து ஊர்ப் பள்ளி. 0.9. தடுப்பின் இடைவெளியில் ஒரு லாரி போவதற்காக நின்றேன், அப்புறம் ஒரு பஸ்ஸுக்காக நின்றேன். அங்கே அரளிச்செடிகள் என் தோள் உயரத்துக்கு வளர்ந்திருந்தன. ஆறு வயதுப் பிள்ளை அங்கே நின்றால் வருகிற வண்டிக்காரருக்குத் தெரியாது. இதை அப்போதே பார்த்தேன். பார்த்ததோடு சரி.

இன்னொரு வழியும் இருந்தது. சர்வீஸ் ரோட்டிலேயே போய்ச் சுரங்கப்பாதையில் நுழைந்து திரும்பி வந்தால் இரண்டு கிலோமீட்டருக்கு மேல். இரண்டும் உண்மையான தூரம்தான், எதை எழுதியிருந்தாலும் யாரும் என்னைக் குற்றம் சொல்லியிருக்க முடியாது. ஆனால் கல்வி உரிமைச் சட்டத்துக்கு நம் மாநிலம் போட்ட விதியில் தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். 0.9 என்றால் பக்கத்துப் பள்ளியே போதும். இரண்டு என்றால் இந்தப் பள்ளி இருந்தே ஆக வேண்டும்.

ஏன் குறைந்ததை எழுதினேன்? விதி சொல்வது நடைதூரம், ஜனங்கள் நடக்கிற வழி அதுதான் என்று அன்றைக்கு எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தப் பள்ளி அப்படியே தொடர்வதில் எனக்கு விருப்பமில்லை. ஒன்பது பேரை ஐந்து வகுப்பாக ஒரே அறையில் வைத்து நடத்தினால் எந்தப் பிள்ளைக்கும் முழுசாக ஒரு மணி நேரம் கிடைக்காது. அந்த ஐந்தாம் வகுப்புப் பையனுக்குப் பேச, போட்டி போட, சண்டை போடக்கூட ஒத்த வயதில் ஆள் இல்லை. இரண்டு ஆசிரியர்களில் ஒருவர் எப்போதும் ஏதாவது பயிற்சியில் இருப்பார். அந்தப் பயிற்சிக்கு அவரை வரச் சொன்னதே நான்தான்.

எங்கள் அலுவலகமான வட்டார வள மையத்தில் இதைப் பற்றி நிறையப் பேசினோம். ஒன்பது பேருக்கு இரண்டு சம்பளமா, அந்தப் பணத்தில் பெரிய பள்ளி ஒன்றை நன்றாக நடத்தலாமே என்றார் ஒருவர். இன்னொருவர் 1953-க்குப் போனார். ராஜாஜி பள்ளி நேரத்தைப் பாதியாக்கியதை அடுத்த ஆண்டே காமராஜர் வந்து கைவிட்டார், இந்த மாநிலத்தில் ஏழைப் பிள்ளையின் பள்ளியில் யாரும் கணக்குப் பார்த்து ஜெயித்ததில்லை என்றார். நான் முதலாமவர் பக்கம் பேசினேன். இப்போதும் பாதி அந்தப் பக்கம்தான்.

பட்டியலைக் கொடுத்துச் சில மாதங்கள் கழித்து, வேறு ஒரு பயிற்சிக்காக 2010-இல் மத்திய அரசு வெளியிட்ட மாதிரி விதிகளைப் புரட்டினேன். வீட்டிலிருந்து பள்ளிக்கு வருகிற வழியில் சிறு குழந்தைகளுக்கு ஆபத்து இருந்தால், அந்தத் தூர வரம்பைக் குறைத்துப் பள்ளியை அமைக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. அக்கா கேட்டதும் அதைத்தானே. அவர் எந்த விதியையும் படித்தவர் இல்லை. பயிற்சி கொடுக்கிற எனக்கு அது தெரியாமல் இருந்தது.

இன்னொன்று அதைவிட உறுத்துகிறது. பக்கத்துப் பள்ளி அந்த 1 கிலோமீட்டர் எல்லைக்கு வெளியே என்று காட்டியிருந்தால் பிள்ளைகளுக்கு வண்டியோ, கூட்டிப்போக ஓர் ஆளோ கேட்டிருக்கலாம், மத்திய அரசும் மாநில அரசும் பணம் போடுகிற சமக்ர சிக்ஷா பள்ளிக் கல்வித் திட்டத்தில் அதற்கு இடமுண்டு. 0.9 அந்தக் கதவையும் சாத்திவிட்டது.

அடுத்த கல்வியாண்டில் அந்தப் பள்ளி இல்லை. மூடல் என்று யாரும் சொல்லவில்லை, இணைப்பு என்றார்கள். நான்கு பேர் மெட்ரிக் பள்ளி வேனில் ஏறிவிட்டார்கள். அந்த ஐந்தாம் வகுப்புப் பையன் எப்படியும் ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டியவன்தான். மிச்சம் நாலு பேர் சாலையைக் கடந்தார்கள். அதில் ஒருவனின் அம்மா பிறகு ஒருநாள் என்னைப் பார்த்து, "இப்பதான் சார் எழுத்துக்கூட்டிப் படிக்கிறான், நல்ல காரியம் பண்ணீங்க" என்று கையைப் பிடித்துக்கொண்டார். தினமும் காலையில் வேலைக்குப் போகாமல் அவனை ரோடு கடத்திவிட்டு, அப்புறம்தான் போகிறாராம். அதையும் அதே மூச்சில் சொன்னார். அரைநாள் கூலி போகிறதா என்று கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை.

அதே சமக்ர சிக்ஷா திட்டத்தில் தமிழ்நாட்டுக்கான 2,152 கோடி ரூபாயை மத்திய அரசு நிறுத்திவைத்தது பற்றிய விவாதம் டிவியில் ஓடும்போதெல்லாம் உட்கார்ந்து கேட்பேன். நம் பிள்ளைகளுக்கு வர வேண்டிய பணம், அதில் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் இவ்வளவு பெரிய தொகைகளைக் கேட்கும்போதெல்லாம், பேனாவால் நான் வைத்த அந்தப் புள்ளிதான் ஞாபகம் வருகிறது.

போன வருஷம் வேறொரு ஊரில் இதே மாதிரி ஒரு கணக்கெடுப்பு. அங்கே குறுக்கே ரயில் பாதை. இந்த முறை தூரத்துக்குப் பக்கத்தில் இருந்த கொஞ்ச இடத்தில், கேட் இல்லை, பாதையின் இருபுறமும் முள்செடி, காலை ஒன்பதுக்குள் இரண்டு ரயில் என்று பொடி எழுத்தில் எழுதி அனுப்பினேன். சாயங்காலம் அலுவலகத்திலிருந்து போன் வந்தது.

"சார், அந்தக் கட்டத்துல நிறைய எழுதியிருக்கீங்க, என்ட்ரி போட முடியல. எத்தனை கிலோமீட்டர்னு மட்டும் சொல்லுங்க."

சொன்னேன்.