ஏழு பவுனோடு பிறந்தவள்

மகள் பிறந்த அன்று லண்டன் மருத்துவமனை வராந்தாவில் நின்றுகொண்டு ஊருக்கு போன் செய்தேன். அங்கே நள்ளிரவு தாண்டியிருந்தது. அம்மா முதல் மணியிலேயே எடுத்துவிட்டாள். பெண் குழந்தை, சுகப்பிரசவம் என்று சொல்லிவிட்டு, நர்ஸ் சற்று முன் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன்: "ஏழு பவுண்டு, ஆறு அவுன்ஸ்."

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"ஏழு பவுனா? சம்பந்தி வீட்டில் அதற்குள் போட்டுவிட்டார்களா? நாம் என்னடா செய்வது?"

மூன்றே கால் கிலோவுக்குச் சற்று மேல் என்று விளக்கினேன். "அதைக் கிலோவிலேயே சொல்லித் தொலைத்திருக்கலாமே" என்று வைத்துவிட்டாள். ஆனால் அதற்குள் பக்கத்து அறையில் படுத்திருந்த சித்தியின் காதில் பாதி விழுந்துவிட்டது. விடிவதற்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. பிறக்கும்போதே ஏழு பவுனோடு வந்தவள் என்ற பெயர் அவளுக்கு இன்றுவரை ஊரில் நிலைத்திருக்கிறது.

அம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. குழந்தையின் எடையைக் கிலோவில் எழுதிக்கொண்டு வாயால் பவுண்டில் சொல்லும் நாடு இது. சாலையில் மைல், மதுக்கடையில் பைன்ட், மருந்துப் புட்டியில் மில்லிலிட்டர். ஆளின் எடைக்குக் கல் கணக்கு வேறு இருக்கிறது. ஒரு கல் என்றால் 14 பவுண்டு. நான் பதினோரு கல் இருப்பதாக அலுவலகத்தில் ஒருவர் மதிப்பிட்டபோது, திட்டுகிறாரா பாராட்டுகிறாரா என்று தெரியாமல் சிரித்துவைத்தேன். 2001இல் சண்டர்லாந்தில் ஒரு கடைக்காரர் வாழைப்பழத்தைப் பவுண்டில் நிறுத்து விற்றதற்காக நீதிமன்றம் வரை போக நேர்ந்தது. கிலோவுக்கு மாற மாட்டேன் என்று ஒரு மனிதர் வழக்காடுகிறார் என்றால், அந்தச் சொல் அவர் நாக்கில் எவ்வளவு ஆழமாக ஊறியிருக்க வேண்டும்!

எடைப் பவுண்டைச் சுருக்கி எழுதும்போது எல்.பி. என்று போடுகிறார்கள். பணப் பவுண்டின் குறியும் குறுக்கே கோடிட்ட 'எல்' எழுத்துதான். இரண்டும் லிப்ரா என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தவை. லிப்ரா என்றால் தராசு. நம் துலாம் ராசியேதான். ஒரு பவுண்டு எடை வெள்ளியிலிருந்து 240 பென்னி அடித்த காலத்தில் எடையும் பணமும் ஒன்றாக இருந்தன. 1971 வரை ஒரு பவுண்டுக்கு 240 பென்னி கணக்குதான். எங்கள் மாடியில் குடியிருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன் இதைக் கேட்டுவிட்டு, "எங்களுக்கு அது றாத்தல். ஒரு றாத்தல் பாண் வாங்கி வா என்றுதான் அம்மா கடைக்கு அனுப்புவார்" என்றார். பாண் என்றால் அவர்கள் ஊரில் ரொட்டி. பிறகு வெகுநேரம் அந்தப் பாணின் மேல்தோலைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். பவுண்டை மறந்துவிட்டோம்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டபின் எனக்கு இந்தச் சொல் பழகிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். அப்போதுதான் கார் காணாமல் போனது.

நிறுத்திய இடத்தில் கார் இல்லை. பக்கத்துக் கம்பத்தில், அன்று ஒருநாள் மட்டும் அங்கே வண்டி நிறுத்தக் கூடாது என்று மஞ்சள் அட்டை தொங்கியது. சத்தியமாக நான் பார்க்கவில்லை. அதில் இருந்த எண்ணை அழைத்தேன். "உங்கள் கார் பவுண்டில் இருக்கிறது" என்றது ஒரு பெண்குரல். அபராதத்தைச் சொல்கிறாள் என்று நினைத்து, "எத்தனை பவுண்டு?" என்று கேட்டேன். "ஒன்றுதான்" என்றாள். ஒரு பவுண்டுதானா என்று மகிழ்ந்துபோனேன். அந்த வட்டாரத்துக்கு வண்டி அடைக்கும் இடம் ஒன்றுதான் என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

போய்ப் பார்த்ததும் எனக்கு மலைப்பு வரவில்லை. அந்த இடத்தை நான் முன்பே பார்த்திருந்தேன். சுற்றிலும் கம்பிவேலி, ஒற்றை வாசல், வாசலருகே கூண்டு போன்ற அறையில் ரசீதுப் புத்தகத்தோடு ஓர் ஆள். உள்ளே வரிசையாக, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு கார்கள். திருவையாறு பக்கம் எங்கள் ஊரிலும் ஒரு பவுண்டு இருந்தது. பயிரில் வாய்வைத்த மாட்டை ஓட்டிக்கொண்டு போய் அடைக்கும் பட்டி. வெள்ளைக்காரன் 1871இல் சட்டம் போட்டு வைத்துவிட்டுப் போனது, பெயரையும் சேர்த்துத்தான். தாத்தாவின் செவலைப் பசு மாதம் ஒருமுறையாவது அங்கே போய்விடும். அபராதம் தனி, அடைத்துவைத்த நாளுக்குத் தீவனக் காசு தனி. தாத்தா துண்டின் முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை எண்ணி வைப்பார். பட்டிக்காரரை ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். வீடு வரைக்கும் மாட்டைத்தான் திட்டிக்கொண்டு வருவார்: "அந்த நாலு கதிரில் என்னடி ருசி கண்டாய்?" பசு காதை ஆட்டிக்கொண்டே நடக்கும்.

இங்கேயும் அபராதம் தனி, நிறுத்திவைத்த நாளுக்கு வாடகை தனி. கார் தீவனம் தின்னாது என்பது ஒன்றுதான் வித்தியாசம். கட்டிவிட்டு வெளியே வந்தேன். வீடு வரைக்கும் காரைத் திட்டினேன். அதற்கு ஆட்டக் காதும் இல்லை.

(எடைப் பவுண்டும் அடைக்கும் பவுண்டும் ஒரே எழுத்தில் எழுதப்பட்டாலும் வேறு வேறு வேர்களாம். எனக்கென்னவோ நம்பிக்கை இல்லை. இரண்டும் மடியைத்தான் கனம் குறைக்கின்றன.)

வந்து பதினோரு வருடமாகிவிட்டது. பவுண்டை ரூபாயாகப் பெருக்கிப் பார்க்கும் பழக்கத்தையெல்லாம் விட்டுவிட்டேன். அன்று கட்டியதை மட்டும் பெருக்கிப் பார்த்தேன். அந்தக் காலத்தில் தாத்தா அதில் இரண்டு பசு வாங்கியிருப்பார்.

மகளின் முதல் பிறந்தநாளுக்கு அம்மா வந்தாள். வந்த களைப்பு தீரும் முன்பே ரவிக்கைக்குள்ளிருந்து சுருக்குப்பையை எடுத்தாள். அதில் பாட்டியின் காசுமாலையிலிருந்து கழற்றிய ஒரே ஒரு தங்கக் காசு. ஒருபுறம் ஐந்தாம் ஜார்ஜ் ராஜாவின் தலை, மறுபுறம் குதிரைமேல் இருந்து டிராகனைக் குத்தும் வீரன். லண்டனில் ஒரு பவுண்டு மதிப்புக்கு அடித்த சவரன்தான் நம்மிடம் வந்து பவுன் ஆனது. தேய்ந்து தேய்ந்து ராஜாவின் தாடி மழமழவென்று இருந்தது. சமையலறைத் தராசில் வைத்தேன்: 8 கிராம். பக்கத்தில் என் சட்டைப்பையிலிருந்த பன்னிரண்டு மூலை ஒரு பவுண்டு நாணயத்தை வைத்தேன்: 9 காட்டியது. உண்மையில் அதன் எடை 8.75 கிராம்.

"இந்த ஊர்ப் பவுன் நம் பவுனைவிடக் கனமா?" என்று அம்மா அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் கடைக்குப் போனோம். தள்ளுவண்டியின் பூட்டில் அந்த நாணயத்தைச் செருகினேன். கடைசியில் வண்டியைத் திருப்பி விட்டால் காசு வெளியே வந்துவிடும் என்று எவ்வளவு சொல்லியும் அம்மா நம்பவில்லை. அரிசி வாங்கும்போதும் வெங்காயம் வாங்கும்போதும் ஒரு கை அந்தப் பூட்டின் மேலேயே இருந்தது.