கைப்பிடி வெளியே இருக்கட்டும்

2000-ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் ரொறன்ரோ பியர்சன் விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலையில் சேர்ந்தேன். கொழும்பில் இருந்த அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னதும், "மகனுக்குப் பிளேனில் வேலை" என்று அவர் அயலெல்லாம் சொல்லிவிட்டார். பொய்யில்லை. விமானத்துக்குள்தான் வேலை, பயணிகள் இருக்கும் தட்டுக்குக் கீழே, அதன் வயிற்றுக்குள், முழங்காலில்.

போயிங் 737 போன்ற ஒடுங்கிய விமானத்தின் வயிற்றில் நிமிர்ந்து நிற்க முடியாது. உயரம் நாலடி அளவுதான். பெரிய விமானங்களில் பெட்டிகள் கொள்கலன்களுக்குள் அடைபட்டு வந்து உருளைகளில் வழுக்கிப் போய்விடும். 737-இல் ஒவ்வொன்றையும் கையால் அடுக்க வேண்டும். கீழே ஒருவர் வண்டியிலிருந்து எடுத்துப் பெல்ட்டில் போடுவார். வாசலில் ஒருவர் திருப்பிவிடுவார். உள்ளே இருப்பவர் சுவர் கட்டுவது போல அடுக்கிக்கொண்டே பின்னால் நகர்வார். எனக்குத் தொழில் பழக்கியவர் ஒரு பஞ்சாபியர். எல்லோருக்கும் அவர் பாஜி. முதல் நாள் நான் கட்டிய வரிசையைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் மூன்று பெட்டிகளை உருவித் திருப்பி வைத்தார். பிறகுதான் வாய் திறந்தார். "பாரமானது அடியில். கைப்பிடி வெளியே. கல்கரியில் இதை இறக்கப் போகிறவனும் உன்னைப் போல முழங்காலில்தான் இருப்பான். அவன் எதைப் பிடித்து இழுப்பான்?"

கனடாவின் விமான நிறுவனங்களுக்கு இடையிலான போட்டியைப் பற்றிப் பொருளியல் படித்தவர்கள் வரைபடங்களோடு எழுதுவார்கள். இருபத்தைந்து ஆண்டுகளாக நான் பார்த்தவை விமானங்களின் வால்களும் ஆட்களின் பெட்டிகளும்தான். ஆனால் அந்த இரண்டிலும் நிறையத் தெரியும்.

நான் சேர்ந்தபோது விமானத் தரிப்பிடத்தில் கனடா வாத்துப் படம் வரைந்த வால்கள் இன்னும் நின்றன. கனேடியன் எயர்லைன்ஸ் நிறுவனத்தின் வாத்து அது. அந்த நிறுவனத்தின் பழைய வண்ணத்தில் இருந்த விமானங்களை அதைவிட எனக்குப் பிடிக்கும். பெயரில் ஓர் எழுத்துக்குப் பதிலாக அம்புக்குறி ஒன்று போட்டிருப்பார்கள். ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் அந்த ஓர் எழுத்துத்தான் வேறுபடும். வண்ணம் பூசும்போதே மொழிச் சண்டையைத் தவிர்த்துவிட்ட கெட்டித்தனம். கெட்டித்தனம் கடனை அடைக்கவில்லை. 1999-இல் ஒனெக்ஸ் என்ற முதலீட்டு நிறுவனம் எயர் கனடாவையும் கனேடியனையும் சேர்த்து வாங்கப் பார்த்தது. எயர் கனடாவின் பங்குகளில் 10 வீதத்துக்கு மேல் ஒருவர் கையில் இருக்கக் கூடாது என்ற சட்டத்தைக் காட்டிக் கியூபெக் நீதிமன்றம் அதைத் தடுத்தது. கடைசியில் எயர் கனடாவே கனேடியனை விழுங்கியது. வாத்துகள் ஒவ்வொன்றாக மறைந்தன.

விமானங்களைச் சேர்ப்பது எளிது, ஆட்களைச் சேர்ப்பதுதான் கடினம் என்று அப்போது கண்டேன். இரு தரப்பு விமானிகளில் யார் மூத்தவர், யார் இளையவர் என்ற பட்டியல் நடுவர்களிடம் போய், திரும்பி வந்து, மறுபடியும் போனது. பல ஆண்டு நீண்டது அந்த வழக்கு. விமானத் தொழிலில் பணிமூப்பு என்பது காணி உறுதி மாதிரி. எந்த விமானம், எந்த வழித்தடம், நத்தாருக்கு வீட்டில் இருப்பது யார், எல்லாமே அதன்படிதான். கீழே எங்களுக்கும் அப்படியே. ஆண்டுக்கு இரண்டு தடவை ஷிப்ட் அட்டவணையைச் சுவரில் ஒட்டுவார்கள். மூத்தவர் முதலில் தெரிந்தெடுப்பார், மிஞ்சியது இளையவருக்கு. பதினொரு ஆண்டு அதிகாலை மூன்றரை மணி ஷிப்டில் உழைத்து எனக்கொரு ஞாயிற்றுக்கிழமை கிடைத்திருந்தது.

அது போன கதையைச் சொல்கிறேன். நாங்கள் விமான நிறுவனத்தின் ஊழியர்கள் அல்ல. அவர்களுக்காகத் தரைவேலை செய்யும் ஓர் ஒப்பந்த நிறுவனத்தின் ஆட்கள். 2011-இல் ஒரு வெள்ளிக்கிழமை ஓய்வறையில் கடிதம் ஒன்று ஒட்டினார்கள். அடுத்த மாதம் முதல் அந்த விமான நிறுவனத்தின் வேலை வேறு ஒப்பந்தக்காரருக்குப் போகிறது. காரணம் எழுதவில்லை, எழுதத் தேவையும் இல்லை. எவன் குறைத்துக் கேட்டானோ அவனுக்குப் போயிருக்கிறது. புதியவர்கள் ஹோட்டல் அறை ஒன்றில் நேர்முகம் வைத்தார்கள். பாஜியும் நானும் வரிசையில் நின்றோம். "இந்த வேலையில் அனுபவம் உண்டா?" என்று மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞர் பாஜியிடம் கேட்டார். பாஜி தன் இரண்டு முழங்கால்களையும் தட்டிக் காட்டினார். இளைஞருக்குப் புரியவில்லை. படிவத்தில் ஆம் என்று எழுதிக்கொண்டார்.

முதலாம் தேதி அதே வாசலுக்குப் போனோம். அதே பெல்ட் வண்டி. பழைய ஸ்டிக்கரை உரித்துப் புதிய ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள், உரித்த பசை இன்னும் கையில் ஒட்டியது. மேலங்கியின் நிறம் மட்டும் மாறியிருந்தது. மணிக்கூலி தொடக்கக் கூலி. பணிமூப்புப் பட்டியலில் எல்லோருக்கும் ஒரே தேதி. பெயர் அகரவரிசையில் ஷிப்ட் பிரித்தார்கள். என் பெயர் கடைசிப் பக்கத்தில் இருந்தது; ஞாயிற்றுக்கிழமை போனது. பாஜி அந்த ஆண்டுக் குளிர்காலத்தோடு வேலையை விட்டார்.

2019 செப்டெம்பரில் மத்திய தொழிற்சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. ஒப்பந்தம் கைமாறினாலும், புதிய முதலாளியிடம் தொடர்ந்து வேலை செய்பவரின் சேவைக்காலம் அறுபடவில்லை என்றே கணக்கிட வேண்டும். நல்ல சட்டம். எனக்கு எட்டு ஆண்டு பிந்தி வந்தது. இதுவரை நான்கு மேலங்கிகள் மாற்றியிருக்கிறேன். விமானிகளுக்கு நடுவர்கள் இருந்தார்கள், எங்களுக்கு விண்ணப்பப் படிவம் இருந்தது.

புதிய நிறுவனங்களை நான் வெறுப்பதில்லை. வெஸ்ட்ஜெட் 1996 பெப்ரவரி 29-இல் கல்கரியிலிருந்து மூன்று பழைய 737-200 விமானங்களோடு தொடங்கியது. 2004-இல் கிழக்குத் தளத்தை ஹமில்டனிலிருந்து பியர்சனுக்கு மாற்றினார்கள். பயணிகள் இறங்கியதும் பணிப்பெண்களோடு சேர்ந்து விமானிகளும் இருக்கைகளுக்கு இடையில் குப்பை பொறுக்குவார்கள் என்ற பேச்சு எங்கள் ஓய்வறை வரை வந்தது. எங்களில் பலர் நம்பவில்லை. உண்மைதான். விமானம் தரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் செலவு. மேலே பறந்தால்தான் வரவு. அதனால்தான் மலிவு நிறுவனங்கள் வந்த விமானத்தை அரை மணிக்குள் திருப்பி அனுப்பப் பார்க்கின்றன. அந்த அரை மணி எங்கள் முழங்காலில் எழுதப்படும். கழித்தல் இருபது பாகையில் கையுறைக்குள் விரல் மரத்துப் போனாலும் அதே அரை மணிதான். மின்னல் எச்சரிக்கை வந்தால் மட்டும் தரிப்பிடத்தை மூடி எல்லோரையும் உள்ளே அனுப்புவார்கள். பெட்டி ஏன் வரவில்லை என்று பயணிகள் சத்தம்போடும் அந்த நேரம்தான் எங்களுக்கு ஆறுதலாகத் தேநீர் குடிக்கக் கிடைக்கும் நேரம்.

பெட்டிகளுக்கு வருகிறேன். 2014 இலையுதிர்காலத்தில் வெஸ்ட்ஜெட்டும் எயர் கனடாவும் சில நாள் இடைவெளியில், உள்நாட்டு மலிவு டிக்கெட்டில் முதல் பெட்டிக்கு 25 டொலர் கட்டணம் அறிவித்தன. போட்டியாளர்கள் இவ்வளவு ஒற்றுமையாக இருப்பதை நான் அதற்கு முன் கண்டதில்லை. அடுத்த சில மாதங்களில் விமானத்தின் வயிறு இளைத்தது. எங்களுக்குக் கொண்டாட்டம் என்று நினைத்தோம். சனம் வீட்டையே கைப்பெட்டிக்குள் அடைத்துக்கொண்டு மேலே ஏறியது. மேலே இடம் நிரம்பியதும், கதவு மூடப் பத்து நிமிடம் இருக்கும்போது, முப்பது கைப்பெட்டிகளை, பயணிகள் விமானத்துக்குள் ஏறும் பாலத்தின் பக்கப் படியால் கீழே கொண்டுவரச் சொன்னார்கள். அடுக்கி முடித்து வலை கட்டிய பிறகு, வலையை அவிழ்த்து மறுபடி அடுக்க வேண்டும். 2025 சனவரியிலிருந்து எயர் கனடாவின் மிக மலிவான கட்டணத்தில், வட அமெரிக்கப் பயணங்களுக்கு அந்தக் கைப்பெட்டியும் சேராது. டிக்கெட்டின் விலையை எங்கே ஒளித்து வைக்கிறார்கள் என்று அறிய விரும்பினால் பெட்டியைப் பின்தொடர்ந்தால் போதும்.

செத்துப்போன நிறுவனங்களின் பட்டியல் நீளம். கனடா 3000 என்ற நிறுவனம் 2001-இல் ரோயல், கான்ஜெட் இரண்டையும் வாங்கிப் பெருத்து, அந்த நவம்பரிலேயே விழுந்தது. நியூயோர்க் தாக்குதல் நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. கட்டணப் பாக்கிக்காக விமானங்கள் தடுத்து வைக்கப்பட்டன. அவற்றை வாடகைக்குக் கொடுத்த உரிமையாளர்கள் வழக்காடினார்கள்; 2006-இல் உச்ச நீதிமன்றம், விமான நிலையமும், வான்வழிப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்தும் நவ் கனடாவும் தங்கள் பாக்கிக்கு விமானத்தையே மறித்து வைக்கலாம் என்று தீர்ப்பளித்தது. வாடகைப் பாக்கிக்கு வீட்டுச் சொந்தக்காரன் குடியிருப்பவனின் சைக்கிளைப் பூட்டி வைப்பது போல.

பிறகு ஜெட்ஸ்கோ. ஒரு டொலர் டிக்கெட் என்று விளம்பரம் செய்தார்கள். 2005 மார்ச் 11, பள்ளி விடுமுறை தொடங்கும் வாரக் கடைசி. நள்ளிரவுக்குச் சற்றுப் பின் நிறுத்திவிட்டார்கள். விடிகாலை ஷிப்டுக்கு நான் போகும்போது பிள்ளைகள் நீச்சல் கண்ணாடியைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பெட்டிகளின் மேல் குந்தியிருந்தார்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

பெரியவர்களே பெற்ற குட்டிகளும் உண்டு. எயர் கனடாவுக்கு டாங்கோ, சிப், வெஸ்ட்ஜெட்டுக்கு ஸ்வூப். மலிவுக்காரன் வரும்போது பெறுவது, ஆபத்து நீங்கியதும் பூனை தன் குட்டியைத் தின்பது போலத் தின்பது. ஸ்வூப் 2018-இல் பிறந்து 2023 ஒக்டோபரில் தாய் வயிற்றுக்குள் திரும்பியது.

ஏன் இங்கே புதியவன் பிழைப்பதில்லை என்று ஓய்வறையில் பல குளிர்காலம் விவாதித்திருக்கிறோம். நாடு பெரிது, சனம் சிறிது. இருப்பவர்களும் அமெரிக்க எல்லையை ஒட்டிய ஒரு கீற்றில் இருக்கிறார்கள். ரொறன்ரோவிலிருந்து இரண்டு மணி நேரம் காரோட்டினால் பஃபலோ; அங்கே டிக்கெட் மலிவு. இங்கே பெரிய விமான நிலையங்கள் மத்திய அரசுக்கு நில வாடகை கட்டுகின்றன. அது கட்டணமாகி டிக்கெட்டில் ஏறுகிறது. வரவு கனடிய டொலரில், விமான வாடகையும் எண்ணெயும் அமெரிக்க டொலரில். 2022 ஏப்ரலில் பறக்கத் தொடங்கிய லிங்ஸ், 2024 பெப்ரவரியில் மூடும்போது இவற்றில் பாதியைத் தானே காரணமாகச் சொன்னது. பெரிய நிறுவனங்கள் இந்தச் சுமையை வெளிநாட்டுப் பயணத்தின் இலாபத்தில் தாங்கிக்கொள்ளும். சிறியது முதல் மோசமான குளிர்காலத்திலேயே மூச்சு வாங்கும்.

போர்ட்டர் மட்டும் வேறு வழியில் வந்தது. 2006-இல் நகரத்தின் காலடியில் உள்ள தீவு விமான நிலையத்தில் தொடங்கினார்கள். 121 மீற்றர் தண்ணீரைப் படகில் கடந்து போக வேண்டியிருந்தது. 2015-இல்தான் நடைச்சுரங்கம் திறந்தது. ஜெட் விமானம் அங்கே இறங்கத் தடை. அந்தத் தடையை நீக்கக் கேட்டுக் கிடைக்காமல், 2023 பெப்ரவரியில் எம்ப்ரேயர் ஜெட்டுகளோடு பியர்சனுக்கு வந்துவிட்டார்கள். நடு இருக்கை கிடையாது, கண்ணாடிக் கிளாசில் வைன். பயணிகள் புகழ்கிறார்கள். அந்த எம்ப்ரேயரின் வயிறு 737-ஐவிட ஒடுக்கம் என்பதை யாரும் எழுதவில்லை.

ஒரு வழித்தடத்தில் புதிதாக ஒரே ஒரு போட்டியாளர் வந்தாலும் கட்டணம் சராசரி 9 வீதம் குறைகிறது என்று போட்டிப் பணியகம் 2025 ஜூனில் அறிக்கை வெளியிட்டது. நான் அதை நம்புகிறேன். அந்த 9 வீதத்தில் எவ்வளவு எங்கள் மேலங்கிகளிலிருந்து வந்தது என்று மட்டும் கேட்க ஆசை. அதே ஆண்டு ஓகஸ்டில் எயர் கனடாவின் விமானப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். விமானம் தரையில் நிற்கும்போது செய்யும் வேலைக்கும் சம்பளம் வேண்டும் என்பது அவர்களின் முக்கியமான கோரிக்கை. மேலே வேலை செய்பவர்களுக்கும் தரைதான் பிரச்சினை என்பதில் எங்களுக்குச் சற்றே திருப்தி, ஒளிப்பானேன்.

போன மாதம் மகளைப் பார்க்க வன்கூவர் போனேன். இரண்டு விலை இருந்தது. மலிவானதைத்தான் வாங்கினேன், எண்பது டொலர் வித்தியாசம். கைப்பெட்டி மட்டும் கொண்டு போனேன். விமான வாசலில் ஒரு பெண் மன்னிப்புக் கேட்டு அதற்குச் சீட்டு ஒட்டிக் கீழே அனுப்பிவிட்டாள். சன்னலோரம் இருந்து பார்த்தேன். ஏற்கெனவே வலை கட்டியிருப்பார்கள். இனி அவிழ்க்க வேண்டும். நான் ஒருபோதும் அணியாத நிறத்தில் மேலங்கி போட்ட ஒரு பையன், இருபது வயதுகூட இராது, படியால் இரண்டு இரண்டாகத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தான். என் சாம்பல் நிறப் பெட்டியைப் பெல்ட்டில் போட்டான். அது பாதி ஏறியதும் எட்டிப் பிடித்து, கைப்பிடி தன் பக்கம் பார்க்கும்படி திருப்பிவிட்டான்.