ஸ்கேட்டிங் பார்த்த டிசம்பர்

டிசம்பர் 3

பழைய ஒலிம்பிக் ஃபிகர் ஸ்கேட்டிங் பதிவுகளைப் பார்க்க ஆரம்பித்திருக்கிறேன். இன்று 1972 சப்போரோ, பெண்கள் பிரிவு. தங்கம் வாங்கிய ஆஸ்திரியாவின் பியாட்ரிக்ஸ் ஷூபா, இசைக்கு ஆடும் ஃப்ரீ ஸ்கேட் பகுதியில் ஏழாவது. ஏழாவது! அதில் முதலில் வந்த அமெரிக்காவின் ஜேனட் லின்னுக்குக் கிடைத்தது வெண்கலம். மொத்த மதிப்பெண்ணில் பாதி 'கட்டாய உருவங்கள்' என்ற பகுதிக்குப் போனதுதான் காரணம். அக்கா மகள் கூட உட்கார்ந்து பார்த்தாள். "இவங்க எப்படி சித்தி ஜெயிச்சாங்க?" என்றாள். எனக்கும் ஏதோ தில்லுமுல்லு போலத்தான் பட்டது.

டிசம்பர் 4

நேற்று எழுதியதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். கட்டாய உருவங்களின் பதிவு ஒன்று கிடைத்தது. இசை கிடையாது, பெரிய வேகமும் கிடையாது. ஒற்றைக் காலில் ஒரு வட்டம், கால் மாற்றி இன்னொரு வட்டம், சேர்ந்தால் எட்டு. அப்புறம் அதே கோட்டின் மேலேயே மறுபடி, மறுபடி. ஸ்கேட்டர் நகர்ந்ததும் நடுவர்கள் பனியில் இறங்கி, குனிந்து கோட்டைப் பார்க்கிறார்கள். ஸ்கேட்டின் தகட்டில் நடுவே ஒரு பள்ளம், இருபுறமும் இரண்டு விளிம்புகள். சரியாகச் சாய்ந்து போனால் ஒரே கோடு விழும். கொஞ்சம் நிமிர்ந்துவிட்டால் இரட்டைக் கோடு. பனி காட்டிக்கொடுத்துவிடும்.

ஷூபா அதில் புலி. ஆனால் தொலைக்காட்சியில் பார்க்கிறவருக்கு அந்தக் கோடு எங்கே தெரியப்போகிறது? 1973-லேயே ஷார்ட் புரோகிராம் என்ற குறுகிய இசை ஆட்டம் வந்து உருவங்களின் பங்கு குறைந்தது. 1990-க்குப் பிறகு சர்வதேசப் போட்டிகளில் அவை அடியோடு போய்விட்டன.

டிசம்பர் 7

நேரமில்லை. அமெரிக்க ஸ்கேட்டர் டிக் பட்டன் மட்டும். போட்டியில் முதல் டபுள் ஆக்சல் (இரண்டரைச் சுற்றுத் தாவல்) 1948-ல், முதல் ட்ரிப்பிள் லூப் (மூன்று சுற்றுத் தாவல்) 1952-ல், இரண்டும் அவருடையவை. 2022-ல் இன்னொரு அமெரிக்கர் இலியா மாலினின் குவாட் ஆக்சலையே இறக்கிவிட்டார். நாலரைச் சுற்று. ஆக்சல் மட்டும் முன்னோக்கிக் கிளம்பிப் பின்னோக்கி இறங்கும் தாவல். அந்த அரைச் சுற்று அதனால் வருவது.

டிசம்பர் 10

1984 சரயேவோ, ஐஸ் டான்ஸ் பிரிவில் பிரிட்டனின் டார்வில்-டீன் ஜோடி. கலைநயத்துக்கு ஒன்பது நடுவர்களும் 6.0, அன்றைய உச்ச மதிப்பெண். அந்த வரிசை திரையில் வந்ததும் அக்கா மகள் கைதட்டினாள். இப்போது 6.0 இல்லை. 2002 சால்ட் லேக் சிட்டியில் ஜோடிப் பிரிவு நடுவர் ஊழல் வெடித்து, கனடா ஜோடிக்கும் ஒரு தங்கம் கொடுக்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு வந்தது புள்ளிக் கணக்கு. ஒவ்வொரு தாவலுக்கும் சுழலுக்கும் அடிப்படை மதிப்பு, அதற்கு மேல் செய்த தரத்துக்கு ஏற்ப இப்போது -5 முதல் +5 வரை.

நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் திரையின் மூலையில் அந்தப் புள்ளிப் பெட்டி வந்ததிலிருந்து என் கண் பனியில் நிற்பதில்லை. கால் தரையில் பட்டதும் பார்வை பெட்டிக்கு ஓடுகிறது.

டிசம்பர் 11

2018 பியோங்சாங். பிற்பாதியில் தாவினால் பத்து சதவீதம் கூடுதல் என்று விதி இருந்தது. ரஷ்யாவின் அலினா ஸகிடோவா ஃப்ரீ ஸ்கேட்டின் எல்லாத் தாவல்களையும் பிற்பாதியில் கொண்டுபோய் அடுக்கித் தங்கம் வாங்கினார். முற்பாதி முழுக்கக் காத்திருப்பு, அப்புறம் மளமளவென்று. அடுத்த பருவத்திலேயே கடைசி மூன்று தாவல்களுக்கு மட்டும்தான் கூடுதல் என்று சுருக்கினார்கள். அவரைக் குறை சொல்பவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது, கேட்டதைக் கொடுத்தார்.

2010 வான்கூவரில் கதை வேறு. ஆண்கள் பிரிவில் குவாட், அதாவது நாலு சுற்றுத் தாவல் செய்த ரஷ்யாவின் பிளுஷென்கோ, குவாடே இல்லாத அமெரிக்காவின் லைசாசெக்கிடம் 1.31 புள்ளியில் தோற்றார்.

டிசம்பர் 14

பிரான்ஸின் சூர்யா போனலி, 1998 நகானோ. தடை செய்யப்பட்ட பின்னோக்கிய குட்டிக்கரணத்தை அடித்து ஒற்றைக் காலில் இறங்குகிறார். மூன்று தடவை பார்த்தேன். 2024 உலகப் போட்டியில் இன்னொரு பிரெஞ்சுக்காரர் ஆடம் சியாவ் ஹிம் ஃபா அதே குட்டிக்கரணத்துக்கு இரண்டு புள்ளி இழந்தும் வெண்கலம் வாங்கினார். அடுத்த பருவத்தில் தடையே போய்விட்டது. போனலிக்கு யார் பதில் சொல்வது?

டிசம்பர் 16

திரையின் மூலையில் ஒரு துண்டுக் காகிதத்தை ஒட்டிவிட்டுச் சமீபத்திய போட்டி ஒன்றைப் பார்த்தோம். முதல் பத்து நிமிடம் கை அரித்தது. அப்புறம் தகடு பனியைக் கீறும் சத்தம் காதில் விழ ஆரம்பித்தது. நன்றாகச் சாய்ந்து போகிறவரிடம் அது 'கர்' என்று ஆழமாகக் கேட்கிறது. தயங்குகிறவரிடம் 'சரக் சரக்'.

கடைசியில் ஜேனட் லின்னை மறுபடி போட்டோம். அதில் மறைக்கப் பெட்டியே இல்லை. உட்கார்ந்து சுழலப் போன இடத்தில் வழுக்கி விழுகிறார், சிரித்துக்கொண்டே எழுகிறார்.

"இதுக்கு இப்போ எவ்வளவு கழிப்பாங்க சித்தி?"

"ஒரு புள்ளி, அது போக..." என்று ஆரம்பித்தேன். சொல்லி முடிப்பதற்குள் இவள் கொஞ்சம் பின்னால் தள்ளி, மறுபடி ஓடவிட்டாள்.