சார்ட்டில் ஒட்ட முடியாத கேள்வி

‘ப்ராஜெக்ட்’ என்றதும் பிள்ளைகள் ஓடுவது ஸ்டேஷனரி கடைக்குத்தான். ஒரு சார்ட், தெர்மாகோல், பிரவுசிங் சென்டரில் எடுத்த கலர் பிரிண்ட். மீதி வேலை அம்மாவுக்கு. திட்டிப் பயனில்லை, கேள்வியைத்தான் மாற்ற வேண்டும். ‘சென்னையின் நீர் ஆதாரங்கள்’ என்று தலைப்புக் கொடுத்தால் சார்ட்தான் வரும். ‘நம் தெருவில் ஒரு வீடு நாள் ஒன்றுக்கு எத்தனை லிட்டர் செலவழிக்கிறது, தண்ணீர் வராவிட்டால் யாரைக் கேட்பது?’ என்றால் அதற்குப் பிரிண்ட் எங்கும் கிடைக்காது.

இதற்கு ஏற்றது ஒன்பதாம் வகுப்பு. பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு எல்லாவற்றையும் விழுங்கிவிடும். நீர்க்கோளம், உள்ளாட்சி இரண்டும் ஒன்பதின் பாடத்திலேயே இருக்கின்றன. ஜூலையில் தொடங்கி நான்கு வாரத்தில் முடித்துவிடுவது நல்லது. காலாண்டு விடுமுறைக்குப் பிறகு என்று தள்ளினால் மழை லீவு நடுவில் புகுந்து எல்லாம் கலைந்துபோகும்.

நாற்பது பேர் என்றால் ஐந்து பேராக எட்டுக் குழு. நட்பைப் பார்க்காமல், பக்கத்துப் பக்கத்துத் தெருக்காரர்களைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் சனி, ஞாயிறு சந்திக்க முடியாது. ஒருவர் எழுத நால்வர் பெயர் போட்டுக்கொள்வார்கள்.

குழுவுக்குப் பத்து வீடு போதும். சறுக்கல் முதலில் அளவில் வரும். ‘ரெண்டு ட்ரம்’, ‘பத்துக் குடம்’ என்றுதான் வீடுகளில் பதில் கிடைக்கும். எனவே கணக்கெடுப்புக்கு முன் ஒரு பீரியட் முழுக்கக் குடத்தை அளக்கவே ஒதுக்குங்கள். ஒரு லிட்டர் பாட்டிலால் குடத்தை நிரப்பி எண்ணச் சொன்னால், வீட்டுக்கு வீடு குடம் வேறு என்பதும், கழுத்து வரை நிரப்புவதும் தோள் வரை நிரப்புவதும் ஒன்றல்ல என்பதும் அங்கேயே புரிந்துவிடும். கேன் தண்ணீர் 20 லிட்டர், அதில் குழப்பமில்லை. மோட்டார் வைத்த வீட்டில் எவ்வளவு செலவு என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. மேல்தொட்டியின் கொள்ளளவையும் ஒரு நாளில் எத்தனை முறை ஏற்றுகிறார்கள் என்பதையும் கேட்க வேண்டும்.

‘மழைநீர் சேகரிப்பு இருக்கிறதா?’ வீணான கேள்வி. 2003இல் அது கட்டாயமானதிலிருந்து எல்லோரும் ‘இருக்கு’ என்றே சொல்வார்கள். ‘குழாய் எந்தக் குழியில் இறங்குகிறது, காட்டுங்கள், கடைசியாக எப்போது சுத்தம் செய்தீர்கள்?’ என்று கேட்டால்தான் மண் மூடிய குழிகள் வெளியே வரும்.

தெருவுக்கு வரும் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க, சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகளின் கணக்குக்குத் தனியாக ஒரு பீரியட் வேண்டும். குடிநீர் வாரியம் தினமும் வெளியிடும் நீர்மட்டமே போதும். செம்பரம்பாக்கத்தின் முழு உயரம் 24 அடி, கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. 12 அடி இருந்தால் பாதித் தண்ணீர் என்றே வகுப்பு முழுவதும் சொல்லும். மேலே அகன்று அடியில் குறுகிய ஏரியில் பாதி உயரம் பாதிக் கொள்ளளவு ஆகாது. ஓர் அகலக் கிண்ணத்தில் ஊற்றிக் காட்டினால் சந்தேகம் தீர்ந்துவிடும். 2015 சென்னை வெள்ளத்தையும், வறட்சியில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்த 2019ஐயும் இங்கே கொண்டுவருங்கள். இரண்டுக்கும் இடையே நான்கே ஆண்டு; அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

பிள்ளைகள் அதிகம் தடுமாறுவது, தெருவின் தண்ணீர்க் குறையை மனுவாக யாருக்கு எழுதுவது என்பதில். குடிநீரும் கழிவுநீரும் வாரியத்தின் பொறுப்பு; மழைநீர் வடிகால் மாநகராட்சிக்கு; செம்பரம்பாக்கம், புழல் போன்ற ஏரிகள் நீர்வளத் துறைக்கு. சாக்கடை அடைப்பைப் பற்றிக் கவுன்சிலருக்கு எழுதிய மனு வேறு மேசைக்குச் சுற்றிப் போவது தோல்வியல்ல. உள்ளாட்சிப் பாடத்தின் ஒரு பக்கத்தைவிட அது அதிகம் கற்றுக்கொடுக்கும்.

மதிப்பெண்ணைக் குழுவுக்கு மட்டும் போடாதீர்கள். கடைசிப் பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும், வீடு வீடாகப் போய்ப் பென்சிலில் குறித்த நோட்டையும் வாங்குங்கள். அதிலிருந்து ஏதாவது ஒரு வீட்டைக் காட்டி, ‘மற்ற வீடுகளில் 400 லிட்டர், இங்கே மட்டும் ஏன் 900?’ என்று குழுவில் அதிகம் பேசாத பிள்ளையிடம் கேளுங்கள். கூடப் போனவர் ‘அங்கே டெய்லர் கடையும் மாடியில் வாடகைக்காரரும் இருக்காங்க, சார்’ என்பார். போகாதவர் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பார்.