ஆறு சென்ட் ஆந்தை

பிப்ரவரி 4

பழைய ஸ்டாம்ப் ஆல்பத்தின் கடைசிப் பக்கத்தில் ஒட்டாமல் செருகிக் கிடந்தது: கனடா, 1970, 6 சென்ட். படத்தில் ஆந்தை. பொந்துக்குள் ஒடுங்கி உட்காரும் ஜாதி இல்லை. தலையைச் சுற்றி இறகுகள் கதிர்கதிராக விரிந்திருக்க, வட்டக் கண்ணால் நேராக முறைக்கிறது. அம்மா எட்டிப் பார்த்து, "ஆந்தையெல்லாம் வீட்டுக்கு ஆகாது" என்றாள். இத்தனூண்டு ஆந்தையுமா?

பிப்ரவரி 6

வரைந்தவர் கெனோஜுவாக் அஷேவாக். கனடாவின் வடகோடிப் பனிப்பகுதிப் பழங்குடியான இனுயிட் இனத்துப் பெண். அங்கே பாஃபின் தீவை ஒட்டி, கேப் டார்செட் என்று அப்போது சொன்ன ஊரில் (இப்போது கின்ங்காய்ட்) 1960இல் அச்சான 'மந்திர ஆந்தை' இது. மொத்தம் ஐம்பதே படிகள்: 25 கறுப்பும் சிவப்பும், 25 கறுப்பும் பச்சையும். 2018இல் ஒரு படி 2,16,000 கனடிய டாலருக்கு ஏலம் போயிருக்கிறது.

அந்த ஊரில் அச்சுக்கலையைத் தொடங்கிவைத்த கனடியக் கலைஞர் ஜேம்ஸ் ஹூஸ்டன், 1958இல் ஜப்பானுக்குப் போய் ஹிரட்சுகா என்ற அச்சுக் கலைஞரிடம் மர அச்சு கற்று வந்தார். கெனோஜுவாக்கின் ஊரிலோ மரமே முளைக்காது. கல் செதுக்கப் பழகிய கைகள்தான் உண்டு. அதனால் மரக்கட்டை இருந்த இடத்தில் கல் வந்தது. ஒருவர் வரைய, இன்னொருவர் கல்லில் செதுக்கி அச்செடுப்பார். கெனோஜுவாக் கொடுத்தது பென்சில் கோடு.

பிப்ரவரி 9

கல்லுக்கு எங்கே போவது? லினோ (தரையில் விரிக்கும் லினோலியம், கத்திக்கு மெத்தென்று இருக்கும்) துண்டில் செதுக்கிப் பார்த்தேன். வெள்ளையாகத் தெரியவேண்டியதை எல்லாம் தோண்டி எடுத்துவிட வேண்டும். மிச்சம் மேடாக நிற்பதில் உருளையால் மை தடவி, தாளை வைத்து, முதுகுப் பக்கம் தேய்க்க வேண்டும். தேய்க்கக் குழம்புக் கரண்டிதான் கிடைத்தது. தாளை உரித்தால் வால் எதிர்ப்பக்கம் நிற்கிறது! இறகு நுனிகள் மூன்று உடைந்தும் போயிருந்தன. பென்சிலில் அரை நொடியில் இழுக்கிற கோடு அது. அதன் இரண்டு பக்கமும் தோண்டி, நடுவில் அதை மட்டும் நிறுத்த எனக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. கல்லில் அதைச் செய்த ஆளை நினைத்தால் பயமாக இருக்கிறது.

சின்ன வயதில் கோயிலில் கல்வெட்டுக்கு மைப்படி எடுப்பதைப் பார்த்திருக்கிறேன். ஈரத்தாளைக் கல்லில் அறைந்து ஒட்டி, தாளின் மேல் மை ஒற்றுவார்கள்; எழுத்து நேராகவே விழும். இங்கே மை செதுக்கிய பரப்பில், அதனால் எல்லாம் இடம் வலமாக மாறி விழும். இது மண்டையில் ஏற ஒரு லினோ துண்டு பாழாக வேண்டியிருந்தது.

பிப்ரவரி 12

படத்தைக் கண்ணாடியில் பார்த்து, அப்படியே திருப்பி வரைந்து செதுக்கினேன். வால் சரியான பக்கம் விழுந்துவிட்டது. இறகு நுனிகள் பரவாயில்லை, ஒன்றுதான் போச்சு.

காயவைத்திருந்த தாளை அம்மா பார்த்துவிட்டு, "மயிலா?" என்றாள். ஆமாம் என்றுவிட்டேன். சாமி அறைக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்கிறாள். கரண்டியைப் பற்றி இன்னும் கேட்கவில்லை.