வீடியோ வீட்டுக்கு, பிழை வகுப்புக்கு

மொபைல் ஆப் எழுதக் கற்றுத்தரும் பத்து வார கோர்ஸ் ஒன்றை, பாதி ஆன்லைன், பாதி நேரடி வகுப்பு என்று அமைக்கும் வேலை என்னிடம் வந்தது. வகுப்பில் நான் விளக்குவது, வீட்டில் அவர்கள் கோட் எழுதுவது என்றுதான் முதலில் பிரித்தேன். மூன்றாம் வாரத்திலேயே பாதிப் பேர் பின்தங்கிவிட்டார்கள். காரணம் கேட்டால் எல்லோரும் சொன்னது ஒன்றுதான்: கிரேடில் (கோடை ஆப்பாகக் கட்டித்தரும் கருவி) சிங்க் ஆகவில்லை, சிவப்பில் ஏதோ வந்தது, கேட்க ஆளில்லை, மூடிவைத்துவிட்டேன்.

அன்றே திட்டத்தைத் திருப்பிப் போட்டேன். விளக்கம் வீட்டுக்கு, கோட் வகுப்புக்கு. வீடியோ ஒவ்வொன்றும் எட்டு நிமிடத்துக்குள், ஒரு கருத்து மட்டும்.

அதிலும் ஒரு திருத்தம் தேவைப்பட்டது. ஆக்டிவிட்டி லைஃப்சைக்கிள், அதாவது ஆப்பின் ஒரு திரை உருவாவது முதல் அழிவது வரையான கட்டங்கள் பற்றிய வீடியோவை எல்லோரும் பார்த்துவிட்டு வந்தார்கள், யாருக்கும் அது ஒட்டவில்லை. அடுத்த பிரிவுக்கு வீடியோவை முதலில் தரவில்லை. பட்டனைத் தட்டினால் எண் கூடும் சின்ன ஆப் ஒன்றை எழுதச் சொன்னேன். எண் 12 வந்ததும், "போனைச் சாய்த்துப் பிடிங்க" என்றேன். திரை திரும்பியது, எண் 0 ஆனது. "சார், என் கோட்ல தப்பே இல்லையே!" என்றார் ஒரு மாணவி. நான் பதில் சொல்லவில்லை. பக்கத்தில் இருந்தவர் திரை உருவாகும்போது ஓடும் ஆன்கிரியேட்டில் ஒரு லாக் வரி (ஓடியதும் பதிவாகும் குறிப்பு) போட்டார். போனைத் திருப்பும் போதெல்லாம் அந்தப் பதிவுகளைக் காட்டும் லாக்கேட்டில் அந்த வரி மறுபடி வந்தது. திரையை ஆண்ட்ராய்டு அழித்துவிட்டுப் புதிதாக உருவாக்குகிறது என்பதை அவர்களே கண்டுபிடித்தார்கள். கோடில் எண்ணை நினைவில் வைக்கும் ரிமெம்பர் என்பதை, திரை புதிதாக உருவானாலும் எண்ணைக் காக்கும் ரிமெம்பர்சேவபிள் என்று மாற்றியதும் எண் அழியாமல் நின்றது. அன்றிரவு அதே வீடியோவை அனுப்பினேன். சிலர் இரண்டு முறை பார்த்ததாகச் சொன்னார்கள். கேள்வி மனதில் விழுந்த பிறகுதான் விளக்கத்துக்கு மதிப்பு என்று இப்போது உறுதியாக நம்புகிறேன்.

இன்ஸ்டலேஷனைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 8 ஜிபி ரேம் உள்ள லேப்டாப்பில் ஆப் எழுதும் மென்பொருளான ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவோடு, திரையிலேயே போன் போல இயங்கும் எமுலேட்டரையும் ஓட்டினால் திணறும். அதனால் சொந்த போனிலேயே ஓட்டச் சொல்லிவிட்டேன்: போன் செட்டிங்ஸில் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டி, அப்போது திறக்கும் டெவலப்பர் ஆப்ஷன்ஸில், லேப்டாப்பிலிருந்து போனில் ஆப்பை ஓட்டவிடும் யூஎஸ்பி டீபக்கிங்கை ஆன் செய்தால் போதும். சில கேபிள்கள் சார்ஜ் மட்டுமே ஏற்றும், டேட்டா போகாது. உபரியாக நான்கு கேபிள் வகுப்பில் வைத்திருப்பேன். வெற்று ப்ராஜெக்ட் ஒன்றை வீட்டிலேயே ஒருமுறை பில்ட் செய்துவிட்டு வரச் சொல்வதும் அவசியம். இல்லையென்றால் கிரேடில் கேட்கும் லைப்ரரிகளை (ஆயத்த கோட் தொகுப்புகள்) எல்லோரும் ஒரே வைஃபையில் இறக்க, முதல் மணி நேரம் அதிலேயே போய்விடும்.

மதிப்பீட்டுக்கு எழுத்துத் தேர்வு வைக்கவில்லை. வாரந்தோறும் கிட் கமிட் (எழுதிய கோட் மாற்றங்களைப் பதிவு செய்வது), கடைசியில் ஐந்து நிமிடம் நேரில். அவர்கள் எழுதிய ஆப்பில் நான் ஒரு மாற்றம் கேட்பேன், என் எதிரிலேயே செய்துகாட்ட வேண்டும். எங்கிருந்தோ எடுத்து ஒட்டிய கோட் என்றால் எந்த ஃபைலைத் திறப்பது என்பதிலேயே தெரிந்துவிடும். அப்படித் தடுமாறியவர்களுக்கு மதிப்பெண் குறைக்காமல், ஒரு வாரம் கழித்து மறுபடி வரச் சொன்னேன். ஒருவரைத் தவிர எல்லோரும் வந்தார்கள்.