பருந்துக் குஞ்சின் எடை

பிப்ரவரி பிறந்துவிட்டால் பெங்களூரில் எங்கள் பறவை மறுவாழ்வு மையத்தில் தராசுக்கு ஓய்வு கிடையாது. தூங்குமூஞ்சி மரத்திலிருந்தும் தைல மரத்திலிருந்தும் விழுந்த பருந்துக் குஞ்சுகள் அட்டைப்பெட்டிகளில் வந்துகொண்டே இருக்கும். நடுவில் வல்லூறுக் குஞ்சும் வரும். காலையில் தீனி வைப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் நிறுத்து எழுதுவது என் வேலை. குஞ்சு கத்துவதையோ சோர்வதையோ விட இந்த எண்ணைத்தான் நான் அதிகம் நம்புகிறேன்.

வேட்டைக்குப் பறவை பழக்குகிறவர்களும் இப்படித்தான் தினமும் நிறுப்பார்கள். வயிறு நிறைந்த பறவை கைக்குத் திரும்பாது. அதனால் லேசாகப் பசிக்கும் எடையில் வைத்துப் பறக்கவிடுவார்கள். நாங்கள் நேர்மாறு. தீனிப்பை நிறைந்து, உடம்பில் கொஞ்சம் கொழுப்பும் சேர்ந்த பிறகே வெளியே விடுவோம். முதல் சில நாள் இரை கிடைக்காவிட்டாலும் அது தாங்க வேண்டும். எங்களைத் தேடியும் வரக் கூடாது. இந்தியாவில் இந்தப் பறவைகளைப் பிடித்து வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம் என்பது ஒருபக்கம். பறவையின் நன்மைக்கும் வளர்க்காமல் வெளியே விட்டுவிடுவதுதான் சரி என்று எனக்குப் புரிய வைத்தது இந்த வேலைதான்.

ஹலசூரிலிருந்து ஒரு பெரியம்மா வல்லூறுக் குஞ்சு ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். சில வாரங்களாக அவரே வளர்த்தது. "என் கையிலதாம்மா சாப்பிடும், வேற யாரு குடுத்தாலும் தொடாது" என்றார். கால்கள் இரண்டும் வளைந்திருந்தன. "என்ன குடுத்தீங்கம்மா?" என்று கேட்டேன். "எலும்பு தொண்டையில சிக்கிடுமோன்னு பயந்து வெறும் கறியா நறுக்கிக் குடுத்தேன்" என்றார்.

அன்பில் குறையே இல்லை. ஆனால் வெறும் சதையில் பாஸ்பரஸ் நிறைய, கால்சியம் மிகக் குறைவு. வளரும் குஞ்சுக்குக் கால்சியம் போதாவிட்டால் உடம்பு அதைத் தன் எலும்பிலிருந்தே உறிஞ்சிக்கொள்ளும். காட்டில் தாய் ஓணானையும் எலியையும் எலும்போடு கிழித்துத்தான் ஊட்டுகிறது. நாங்களும் எலும்பை நசுக்கிக் கறியோடு சேர்த்துத்தான் கொடுக்கிறோம். அந்தக் குஞ்சு பிழைத்தது, ஆனால் பறந்து போகும் நிலைக்கு வரவில்லை. பெரியம்மா வாரா வாரம் போன் செய்து விசாரித்தார். அவரிடம் அதைச் சொல்வது எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது.

இறகு இன்னொரு கணக்கு. வளரும் காலத்தில் பட்டினி கிடந்தால், அந்த நாட்களில் முளைத்த பகுதியில் குறுக்கே மெல்லிய கோடு விழும். பின்னால் அங்கேதான் இறகு ஒடியும். அடுத்த முறை இறகு உதிரும்வரை புதிது முளைக்காது. அப்படி ஒடிந்தாலோ மாஞ்சா நூல் அறுத்தாலோ, உதிர்ந்த இறகு ஒன்றை எடுத்து, மூங்கில் சிம்பைத் தண்டுக்குள் நுழைத்துப் பசையால் ஒட்டுவோம். வேட்டைப் பறவை வளர்த்தவர்கள் பல நூறு ஆண்டுகளாகச் செய்துவந்த கைவேலை இது. அவர்களிடம் கற்றதற்காக நான் நன்றியோடுதான் இருக்கிறேன்.

குஞ்சுகளைத் திறந்துவிடும் முறையும் அவர்களுடையதே. உயரமான இடத்தில் பெட்டி வைத்து, பறக்கும் வயதில் கதவைத் திறந்துவிட்டு, தானாக இரை தேடப் பழகும்வரை அங்கேயே தீனி வைப்பது. அவர்கள் கடைசியில் பறவையைத் திரும்பப் பிடித்துக்கொள்வார்கள். அந்தப் படியை விட்டுவிட்டால் அதுவே மறுவாழ்வு. டிடிடி பூச்சிமருந்தால் அமெரிக்காவில் பைரி என்னும் வேட்டைப் பறவைகள் அழியும் நிலைக்குப் போனபோது, கூண்டில் இனப்பெருக்கம் செய்து ஆயிரக்கணக்கான குஞ்சுகளை இப்படித்தான் விட்டார்கள். அதற்கு முன்னின்றவர்களில் பலர் வேட்டைப் பறவை வளர்த்தவர்கள். 1999இல் பைரி அங்கே ஆபத்திலுள்ள உயிரினப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது.

எங்கள் மொட்டைமாடித் தட்டுக்குப் பருந்துகள் சில வாரம் வந்து போகும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கு அதில் அவ்வளவு சந்தோஷம். "அக்கா, நேத்து விட்டது இன்னைக்கும் வந்துச்சு!" என்று ஓடிவருவார்கள். தட்டுக்கு வந்தால் எனக்கும் சந்தோஷம்தான். ஆளிடம் வந்தால்தான் கவலை. ஆளைக் கண்டு பயப்படாத பருந்து தெருவில் யார் தலைமேலாவது இறங்கும். அவர்கள் கட்டையைத் தூக்குவார்கள். அதனால்தான் குஞ்சுகளைத் தனியாக வளர்ப்பதில்லை. திரைக்குப் பின்னால் நின்று தீனி வைக்கிறோம், பேசுவதில்லை, பெயர் வைப்பதில்லை. கொஞ்சுவதற்கு ஆசை வரும், எனக்கும் வரும்.

போன ஏப்ரலில் ஒரு பருந்து தட்டை விட்டுவிட்டு நேராக ஒரு பையனின் தோளில் வந்து உட்கார்ந்தது. அவன் முகமெல்லாம் சிரிப்பு. அன்று மாலையே அதைப் பிடித்து, இனிப் பறக்க முடியாத பெரிய பருந்துகள் இருக்கும் கூண்டில் சேர்த்தோம். அவற்றோடு அடித்துப் பிடுங்கித் தின்னப் பழகி, ஆள் உள்ளே நுழைந்தாலே மூலைக்குப் பறந்து சீறும்வரை அங்கேயே வைத்திருந்து, ஜூன் மழைக்கு நடுவே வெயிலடித்த ஒரு நாளில் மறுபடி திறந்துவிட்டோம்.